புதிய லேப்டாப் முதல் வாரமே மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பெட்டியைப் பிரித்த கையோடு ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்றால் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கோளாறு அமைப்பில் இருக்கிறதா, பொருளிலேயே இருக்கிறதா? அமைப்பில் என்றால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். பொருளில் என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

இரண்டையும் பிரித்துக் காட்டும் இடம் பயாஸ் திரை. அது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வருவது. விண்டோஸின் டிரைவர் (பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்) எதுவும் அங்கே எட்டாது. விண்டோஸில் மட்டும் தெரிகிற கோளாறு பெரும்பாலும் மென்பொருளுடையது. பயாஸிலும் தெரிகிறது என்றால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளே போக, லேப்டாப்பை அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்தியதும் எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், ஏசர், ஆசுஸ் மாடல்களிலும் லெனோவோவின் பலவற்றிலும் எஃப்2தான். திங்க்பேடில் எஃப்1, எச்பியில் எஃப்10, எம்எஸ்ஐயில் டெலீட். உள்ளே போனபின் எதையும் மாற்றாதீர்கள். பார்த்துவிட்டு, சேமிக்காமல் வெளியே வந்தால் போதும்.

கீழே உள்ளவை விண்டோஸ் 11 லேப்டாப்புகளுக்கானவை.

## பவர் பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை

பல லேப்டாப்புகளில் பேட்டரியைப் பூட்டிய நிலையில்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தாலும் சார்ஜ் வடியக் கூடாது என்பதற்காக. அந்தப் பூட்டு சார்ஜரைச் செருகினால்தான் திறக்கும். சார்ஜரைச் சுவர் பிளக்கில் நேராகச் செருகி, 15 நிமிடம் கழித்து அழுத்திப் பாருங்கள்.

அப்போதும் அசையவில்லை என்றால் சார்ஜரின் நடுவில் இருக்கும் கட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுவரிலிருந்து வரும் ஒயர் அந்தக் கட்டைக்குள் முக்கால்வாசி போய், கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நிற்பது அடிக்கடி நடக்கும். பார்த்தால் செருகியதுபோலவே இருக்கும். அழுத்தித் தள்ளினால் உள்ளே போய் உட்காரும். கட்டையில் விளக்கு இருந்தால் எரியும்.

அதுவும் இல்லையென்றால் சார்ஜர், மவுஸ், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் (உள்ளே இருக்கும் முதன்மை மின்சுற்றுப் பலகையில்) தங்கியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி மீண்டும் அழுத்துங்கள். இதற்கும் அசையாவிட்டால் மேற்கொண்டு எதையும் முயல வேண்டாம், மாற்றித்தரக் கேளுங்கள்.

## விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு

முதலில் வெளிச்சத்தைக் கூட்டும் விசையை நாலைந்து முறை தட்டுங்கள். அடுத்து விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு, பேட்டரிக்கு வரும் 'பி'யைத் தட்டுங்கள். திரையை இயக்கும் டிரைவர் புதிதாகத் தொடங்கும். ஒரு சின்ன பீப் சத்தமும் கேட்கலாம். சத்தம் கேட்டும் படம் வரவில்லை என்றால் விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது என்று பொருள். எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோ மானிட்டரோ இணைத்துப் பாருங்கள். அதில் படம் வந்து, லேப்டாப் திரையில் பயாஸ்கூடத் தெரியவில்லை என்றால் திரையோ அதன் உள் இணைப்போ பழுது.

## சார்ஜ் ஏறவில்லை, மெல்ல ஏறுகிறது, 80 சதவீதத்தில் நிற்கிறது

80இல் நிற்பது பழுதே அல்ல. லித்தியம் அயான் பேட்டரி எப்போதும் நூறு சதவீதத்தில், அதுவும் சூட்டில் இருந்தால் சீக்கிரம் வலுவிழக்கும். அதனால் பல நிறுவனங்கள் 80இல் நிறுத்தும் வசதியைத் தங்கள் செயலியிலோ பயாஸிலோ வைத்திருக்கின்றன. பயணத்துக்கு முன் நூறு வேண்டுமானால் அங்கே அணைத்துக்கொள்ளலாம். எப்போதும் மேசையிலேயே வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் அதை அப்படியே விட்டுவைப்பது நல்லது. 97, 98இல் இருக்கும்போது செருகினால் சார்ஜ் ஏறாமல் நிற்பதும் இயல்புதான். முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பழக்கம், இப்போது தேவையில்லை.

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப்பில் 'ஸ்லோ சார்ஜர்' என்று வந்தால் வாட் கணக்கைப் பாருங்கள். மெலிந்த லேப்டாப்புகள் பொதுவாக 45 அல்லது 65 வாட் கேட்கும். போன் சார்ஜர் பலவற்றில் அது கிடைக்காது. சார்ஜர் சரியாக இருந்தும் கேபிள் கெடுக்கலாம். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். 65 வாட்டுக்கு 3.25 ஆம்பியர் வேண்டும். அதற்கு 5 ஆம்பியர் தாங்குவதாகத் தன் சிப் வழியே தெரிவிக்கும் கேபிள் தேவை. கேபிளில் 100 அல்லது 240 வாட் என்று அச்சிட்டிருந்தால் அது அந்த வகை.

இன்னொன்று: ஒரே லேப்டாப்பில் இரண்டு டைப்-சி துளை இருந்தால் இரண்டிலுமே சார்ஜ் ஏறும் என்று நினைக்க வேண்டாம். துளை ஓரத்தில் பிளக் அல்லது பேட்டரிக் குறி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மானிட்டருக்குப் படம் அனுப்புவதும் இப்படித்தான். எல்லா டைப்-சி துளையும் அனுப்பாது.

## கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, விண்டோஸே இல்லை

வாங்கிய ரசீதில் 'டாஸ்' அல்லது 'ஃப்ரீடாஸ்' என்று இருந்தால், லேப்டாப் விண்டோஸ் இல்லாமல்தான் விற்கப்பட்டிருக்கிறது. பழுது இல்லை, ஆனால் விண்டோஸ் உரிமத்தைத் தனியாக வாங்க வேண்டும். விண்டோஸோடு வந்த லேப்டாப்பில் உரிம எண் போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மறுபடி நிறுவினால் எண் கேட்காது.

நிறுவ, வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் 'மீடியா கிரியேஷன் டூல்' கொண்டு குறைந்தது 8 ஜிபி பென்டிரைவைத் தயார் செய்யுங்கள். அதிலிருக்கும் பழைய கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும். அதைச் செருகி, பூட் மெனு விசையைத் தட்டிப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்தது. "விண்டோஸை எங்கே நிறுவ வேண்டும்?" என்று கேட்கும் திரையில் டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும். ஒரு வரிகூட இருக்காது. எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்) செத்துவிட்டதோ என்று பதறத் தேவையில்லை. இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் எஸ்எஸ்டி 'விஎம்டி' என்ற கட்டுப்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கான டிரைவர் நிறுவல் பென்டிரைவில் இல்லாததால் எஸ்எஸ்டி கண்ணுக்குத் தெரிவதில்லை. பயாஸில் எஸ்எஸ்டி பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எஸ்எஸ்டி நல்லது.

லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய 'இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி' டிரைவரை இறக்குங்கள். இறக்கிய கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டால் பயனில்லை. அதை விரித்து, உள்ளே ஐஎன்எஃப் வகைக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை எடுத்துப் போட வேண்டும். பிறகு காலிப் பட்டியலுக்குப் பக்கத்தில் இருக்கும் 'லோட் டிரைவர்' பட்டனை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பெயரில் விஎம்டி என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்ததும் டிஸ்க் வந்து நிற்கும். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் நிறுவியிருக்கும் லேப்டாப்பில் அப்படி அணைத்தால் விண்டோஸ் ஏறாமல் நீலத் திரையில் நிற்கும். டிரைவர் வழியே பாதுகாப்பானது.

## முதல் அமைப்பிலேயே வைஃபை தெரியவில்லை

மற்றவர்களின் வைஃபை தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியாவிட்டால் ரவுட்டரைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 12 அல்லது 13ஆம் சேனலில் இருந்தால் சில லேப்டாப்புகள் அதைப் பார்க்காது. 1, 6, 11இல் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

எந்த வைஃபையும் தெரியாவிட்டால் பெரும்பாலும் டிரைவர் இல்லை. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் அமைப்பில் 'யூஎஸ்பி டெதரிங்'கை இயக்குங்கள். விண்டோஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொண்டு மேலே நகரும். பிறகு வைஃபை டிரைவரையும் அதன் வழியே இறக்கிக்கொள்ளலாம். விடுதி, கல்லூரி போல உலாவியில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வைஃபையில் முதல் அமைப்பைச் செய்யாதீர்கள். அந்தப் பக்கம் திறக்காமல் பாதியில் நிற்கும்.

## முதல் நாளே சூடு, விசிறி இரைச்சல், மந்தம்

இந்த ஓர் அறிகுறிக்காக நல்ல லேப்டாப்பையே திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. முதல் நாளில் விண்டோஸ் அப்டேட், ஸ்டோர் செயலிகளின் அப்டேட், வைரஸ் சோதனை, தேடலுக்கான பட்டியல் தயாரிப்பு, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குக் கோப்புகள் ஏறுவது எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு தலைப்பைத் தட்டினால் யார் வேலை வாங்குகிறார் என்று தெரியும். 'ஆன்டிமால்வேர் சர்வீஸ்', 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்' மேலே நின்றால் கவலை வேண்டாம். சார்ஜரில் போட்டு, மெத்தை மேல் வைக்காமல் கெட்டியான மேசையில் திறந்து வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்டேட் பக்கத்தில் மீதம் எதுவும் இல்லை என்று வரும்வரை ரீஸ்டார்ட் செய்து மறுபடி தேடுங்கள்.

மறுநாளும் மந்தமாக இருந்தால், கூடவே வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸை நீக்குங்கள். நீக்கியதும் விண்டோஸ் டிஃபெண்டர் தானாகவே இயங்கத் தொடங்கும்.

அப்டேட் பட்டியலில் பயாஸ் அப்டேட்டும் வரலாம். அப்போது திரை பல நிமிடம் கறுத்துக் கிடக்கும், விசிறி முழு வேகத்தில் சுற்றும், லேப்டாப் தானாக இரண்டு மூன்று முறை அணைந்து எழும். அந்த நேரத்தில் பவர் பட்டனைத் தொடாதீர்கள், சார்ஜரைப் பிடுங்காதீர்கள். பாதியில் நின்றால் போர்டே வீணாகக்கூடும்.

## நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது

புது லேப்டாப்பில் இதைவிடப் பெரிய இழப்பைத் தரக்கூடியது வேறில்லை, அதனால் நிதானமாகப் படியுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்தால், பல லேப்டாப்புகளில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்படுகிறது. பிட்லாக்கர் என்பது இதுதான். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்குப் பின் இது இன்னும் பரவலாகிவிட்டது. தினமும் தானாகவே திறந்துகொள்வதால் பூட்டு இருப்பதே தெரியாது. பயாஸ் அப்டேட் ஆனாலோ, பயாஸில் செக்யூர் பூட் போன்றவற்றை மாற்றினாலோ, போர்டை மாற்றினாலோ, "இது அதே கணினிதானா" என்று சந்தேகப்பட்டு அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கும்.

சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனில் உலாவியைத் திறந்து, லேப்டாப்பை அமைத்த அதே கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் 'பிட்லாக்கர் கீஸ்' என்பதைப் பாருங்கள். பல சாவிகள் இருந்தால், நீலத் திரையில் காட்டும் 'கீ ஐடி'யின் முதல் எட்டு எழுத்துகளோடு பொருந்துவதை எடுத்து அடியுங்கள். அங்கே இல்லையென்றால், அமைத்துக் கொடுத்தவர் தன்னுடைய கணக்கைப் போட்டிருக்கலாம். அவர் கணக்கில் தேடச் சொல்லுங்கள். எங்குமே இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் திறந்துதர முடியாது. டிஸ்கை அழித்து நிறுவுவதுதான் வழி.

எனவே இன்றே செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் சாவியைத் தாளில் எழுதி, லேப்டாப் பைக்குள் வைக்காமல், வேறிடத்தில் வையுங்கள்.

## 512 ஜிபி வாங்கினேன், 476 காட்டுகிறது. அதற்குள் "இடம் நிரம்பியது" என்கிறது

முதலாவதில் யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் என்று எண்ணுகிறது. 512ஐ அப்படி வகுத்தால் 476 தான் வரும். 1 டிபி 931 ஆகும். மீட்புப் பகுதிகளுக்காக இன்னும் கொஞ்சம் கழியும். 16 ஜிபி ரேமில் பயன்பாட்டுக்கு 15 சொச்சம் என்று காட்டுவதும் பழுதில்லை. கிராஃபிக்ஸ் சிப் தனக்கென ஒரு பங்கை ஒதுக்கிக்கொள்கிறது.

இரண்டாவது எச்சரிக்கை பெரும்பாலும் டிஸ்கைப் பற்றியதே அல்ல. ஒன்டிரைவ் இலவசமாகத் தரும் 5 ஜிபி நிரம்பிவிட்டது என்கிறது. முதல் அமைப்பின்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவுக்குள் நகர்ந்திருக்கும். பழைய லேப்டாப்பின் படங்களை நகலெடுத்ததும் அது நிரம்பிவிடும். இடம் வேண்டும் என்று அந்தப் படங்களை அங்கேயே அழித்துவிடாதீர்கள். இங்கே அழித்தால் இணையத்திலும், அதே கணக்கில் இணைந்த மற்றக் கணினிகளிலும் அழியும். அழித்துவிட்டிருந்தால் உடனே ஒன்டிரைவ் தளத்தின் குப்பைத்தொட்டியில் தேடுங்கள்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேகக் குறியைத் தட்டி, அமைப்பில் 'மேனேஜ் பேக்கப்' போய் மூன்றையும் அணையுங்கள். அணைத்ததும் டெஸ்க்டாப் காலியானதுபோல் தெரிந்தால், கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்தான் இருக்கின்றன. அங்கிருந்து வெட்டி, உண்மையான டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களில் ஒட்டிவிடுங்கள்.

## அடிப்பது ஒன்று, விழுவது ஒன்று

ஷிஃப்டோடு 2ஐ அழுத்தினால் மின்னஞ்சல் குறிக்குப் பதில் இரட்டை மேற்கோள் விழுகிறது என்றால், கீபோர்டு அமைப்பு பிரிட்டன் வகையாக இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய், ஆங்கிலத்துக்குள் யுஎஸ் கீபோர்டைச் சேர்த்து மற்றதை நீக்குங்கள். நீக்காமல் விட்டால் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் தவறிப்போய்ச் சேர்ந்து அழுந்தும்போதெல்லாம் அது மாறிக்கொண்டே இருக்கும். அதே இடத்தில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல், ஒலியியல் என்று வேண்டிய கீபோர்டைத் தேர்ந்தெடுக்கலாம். தனி மென்பொருள் வேண்டாம்.

எஃப் விசைகள் வெளிச்சத்தையும் ஒலியையும் மாற்றிக்கொண்டிருந்தால் எஃப்என், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். பல மாடல்களில் மாறிவிடும். ஒரு குறிப்பிட்ட விசை விழவே இல்லை, அல்லது இரண்டு முறை விழுகிறது, பயாஸின் கடவுச்சொல் பெட்டியிலும் அப்படித்தான் என்றால் அது வன்பொருள். அந்தப் பெட்டியில் சோதிக்கும்போது கடவுச்சொல்லைச் சேமித்துவிடாதீர்கள்.

## டச்பேட், கேமரா, மைக்

டச்பேட் படம் போட்ட எஃப் விசையைத் தட்டுங்கள். மவுஸ் இணைத்ததும் மட்டும் நின்றால் செட்டிங்ஸில் டச்பேட் பகுதியில் அதற்கொரு தேர்வு இருக்கிறது. கேமரா கறுப்பாக, நடுவில் கோடு போட்ட படம் காட்டினால், திரையின் மேல் விளிம்பில் இருக்கும் மூடியை நகத்தால் தள்ளிப் பாருங்கள். சிலவற்றில் அது பக்கவாட்டுச் சுவிட்சாகவோ எஃப் விசையாகவோ இருக்கும். மைக்கும் கேமராவும் ஒரு செயலியில் மட்டும் வராவிட்டால் 'பிரைவசி'யில் அனுமதி அணைந்திருக்கிறது.

## சார்ஜ் போட்டிருக்கும்போது தொட்டால் கூசுகிறது

உலோக உடல் கொண்ட லேப்டாப்பை விரலின் பின்புறத்தால் தடவும்போது மெல்லிய அதிர்வு போலத் தெரியும். எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரில், இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கி வழியாகக் கசியும் மிகச்சிறிய மின்னோட்டம் அது. சுட்டி தானாகத் துள்ளுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். எர்த் சரியாக உள்ள மூன்று பின் பிளக்குக்கு மாறினால் போய்விடும். கூச்சத்தைத் தாண்டி வலித்தாலோ, பொறி பறந்தாலோ அந்தச் சார்ஜரை மறுபடி செருகவே கூடாது.

## அணைத்துப் போட்டும் தீரவில்லை, பைக்குள் சூடாகிறது

விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்தால் அது முழுவதுமாக அணைவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காகத் தன் உள்நிலையை டிஸ்கில் எழுதிவைத்து, அதையே மறுபடி எடுத்துக்கொள்கிறது. சிக்கிய டிரைவரும் அப்படியே திரும்பி வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும்.

மூடி வைத்தது பைக்குள் சூடாகி, காலையில் பேட்டரி தீர்ந்திருந்தால், உறக்க நிலையிலும் அது பின்னணியில் வேலை செய்திருக்கிறது. கண்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில், மூடியை மூடினால் 'ஹைபர்நேட்' ஆகும்படி (திறந்திருப்பதை டிஸ்கில் எழுதிவைத்து அணையும்படி) மாற்றுங்கள்.

## எல்லாத் தளமும் "பாதுகாப்பற்றது" என்கிறது

தேதியையும் கடிகாரத்தையும் பாருங்கள். நேர மண்டலம் வேறு நாட்டுடையதாக இருக்க, மணியை மட்டும் கையால் திருத்தியிருந்தால், திரையில் மணி சரியாகத் தெரிந்தாலும் உலகப் பொது நேரக் கணக்கில் லேப்டாப் பல மணி நேரம் தள்ளி நிற்கும். தளங்களின் சான்றிதழ் அந்தக் கணக்கில்தான் சோதிக்கப்படுகிறது. மண்டலத்தை முதலில் சரிசெய்து, பிறகு 'சிங்க் நவ்' அழுத்துங்கள்.

## கெடுவுக்குள் பார்த்தே ஆக வேண்டியவை

திரையில் முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலப் படங்களை ஒவ்வொன்றாக விரித்து, இருட்டறையில் புள்ளி ஏதாவது மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பென்டிரைவைச் செருகுங்கள். எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்2 வழியாகவும், டெல்லில் எஃப்12 வழியாகவும் உள்ளே போனால் வன்பொருளைச் சோதிக்கும் நிரல் இருக்கிறது. அது காட்டும் பிழை எண்ணைப் படமெடுத்து வையுங்கள். மாற்றித்தர மறுக்கிறவரிடம் "அடிக்கடி நிற்கிறது" என்று சொல்வதைவிட அந்த எண் வலுவானது. நிறுவனத்தின் தளத்தில் வரிசை எண்ணைப் போட்டு உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றும் பாருங்கள். நீங்கள் வாங்கிய நாளுக்கு முந்தையதாக இருந்தால் ரசீதைக் காட்டித் திருத்தச் சொல்லலாம்.

திருப்பிக் கொடுப்பது என்று முடிவானால் கோப்புகளை எடுத்துக்கொண்டு, ரெக்கவரி பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி' போய் எல்லாவற்றையும் நீக்கும் தேர்வைக் கொடுங்கள், சார்ஜர் செருகியிருக்கட்டும். முடிந்ததும் போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனப் பட்டியலிலிருந்து அந்த லேப்டாப்பை நீக்கிவிடுங்கள்.